ஸ்டேட்மெண்ட் கேட்டு ஒரு விண்ணப்பம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் பழைய அலுவலக நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "பேங்க்ல ஸ்டேட்மெண்ட் வாங்கணும். பையன் ஆப்புல எடுத்துக்கலாம்ங்கிறான். எனக்கு அது சரிப்படாது. நீங்க யாருக்கோ எழுதிக் குடுத்து வாங்கினீங்களாமே, எப்படி எழுதணும்?" என்று கேட்டார். அந்த 'யாருக்கோ' கதை அவர் காதுக்கு எப்படிப் போனதோ! எங்கள் பாளையங்கோட்டையில் எதுவும் ரொம்ப நாள் ஒளிந்திருக்காது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே வெயில் ஏறிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார் என்று நினைக்கிறேன்.

நான் மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து 2014-இல் ஓய்வு பெற்றவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜரும் கையுமாக இருந்தவன். மீட்டர் பெட்டி பக்கத்தில் தொங்குமே வெள்ளை அட்டை, அதில் ஒரு எண் தப்பாக விழுந்திருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அப்படிப்பட்டவன் ஒரு 436 ரூபாயைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன். விஷயம் அதுதான்.

எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒரு தேய்ப்பு வண்டி நிற்கும். இருபது வருஷமாக நிற்கிறது. பெயர் எழுதவில்லை, அந்தக் குடும்பத்துக்கு அது பிடிக்காது. கரி இஸ்திரிப்பெட்டிதான். மின்சாரப் பெட்டிக்கு மாறச் சொல்லி நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், மின்வாரியக்காரன் அல்லவா! "கரியில தேச்சாத்தான் அண்ணாச்சி மடிப்பு நிக்கும்" என்று சிரித்துவிடுவார். சட்டைக்குப் பத்து ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு வண்டியின் பக்கப் பலகையில் க்யூ.ஆர். அட்டை ஒன்றை ஒட்டியிருந்தார். தெருவில் பாதிப் பேர் அதில்தான் பணம் அனுப்புவோம்.

2024 அக்டோபர் 9, புதன்கிழமை. ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருந்தது. விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது 49. மனைவி, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள். அந்த வருஷப் பூசையன்று வண்டி சந்தனம், குங்குமம் இல்லாமல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததைத் தெருவில் யாரும் நேராகப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து என்னுடைய மூன்று சட்டைகளை எடுத்து டீப்பாயில் வைத்தார். நான் கொடுத்ததையே மறந்துவிட்டேன். "பையன் தேச்சான், அண்ணாச்சி. மடிப்பு சரியா வந்திருக்காது" என்றார். என் மனைவி உள்ளே போய்விட்டாள். அழுவதற்குத்தான்.

பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் இரண்டு பாஸ்புக். ஒன்று பழையது, ஓரமெல்லாம் கரி படிந்தது. கடைசி வரி 2020 பிப்ரவரி. மற்றொன்று புதியது. பேங்க் வாசலில் புத்தகத்தை நுழைத்தால் அச்சடித்துத் தரும் இயந்திரம் இருக்கிறதே, அதில் மகன் போட்டு எடுத்து வந்திருக்கிறான். "இதுல எவ்வளவு இருக்கு, வேற எதும் வருமான்னு பாத்துச் சொல்லுங்க. வட்டிக்காரன் தீபாவளி வரைக்கும் பொறுக்கேன்னுருக்கான்" என்றார். மகன் படிப்புக்கு வாங்கிய கடன். எண்பதாயிரம்.

கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது.

புதிய புத்தகத்தில் கடைசி சில வாரத்து வரவு செலவு மட்டும்தான் வரிவரியாக இருந்தது. அதற்கு முன்னால் நாலரை வருஷமும் இரண்டே வரியில் அடங்கியிருந்தது. மொத்த வரவு இவ்வளவு, மொத்தச் செலவு இவ்வளவு, அவ்வளவுதான். நீண்ட நாள் அச்சடிக்காமல் விட்டால் பல வங்கிகளில் இப்படித்தான் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். நண்பர்களே, பாஸ்புக்கை மாதம் ஒரு தடவையாவது நுழைத்து எடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். விவரம் ஒருமுறை சுருங்கிவிட்டால் பிறகு ஸ்டேட்மெண்ட் கேட்டுத்தான் விரிக்க வேண்டும்.

பழைய புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். வருவாய்ப் பிரிவுப் பழக்கம், எந்தக் கணக்கைக் கண்டாலும் கண் மேலும் கீழும் ஓடும். 2015 மே மாதக் கடைசியில் 12 ரூபாய் பற்று. அடுத்த வரி 330 ரூபாய் பற்று. 2016 மே, அதே 12, அதே 330. 2017, 2018, 2019, எல்லா மே மாதமும் இந்த ஜோடி வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஏதோ சுருக்கெழுத்து, பாதி அழிந்தது. வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி விவரம் எழுத வேண்டும், புரியாத சுருக்கம் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லித்தான் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுத வேண்டுமே.

12 ரூபாய் எனக்குத் தெரியும். என் பாஸ்புக்கிலும் உண்டு. 2015 மே மாதம் பிரதமர் பெயரில் தொடங்கிய விபத்துக் காப்பீடு. எழுபது வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய் ஆனது. 330 எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அது என்னிடம் இல்லை. அது ஆயுள் காப்பீடு, ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள்தான் சேர முடியும். அது தொடங்கியபோது எனக்கு 59. அவருக்கு 40. ஏதோ முகாமில் பேங்க்காரர்களே படிவம் நிரப்பி இரண்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். 55 வயது வரை காப்பு. வருஷா வருஷம் மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகவே பிரீமியம் எடுத்துக்கொள்வார்கள். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை செல்லும். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு நின்றுவிடும்.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, அவள் பார்த்துச் சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. "இப்போ பிரீமியம் 330 இல்லைப்பா. 2022 ஜூனிலிருந்து 436" என்றாள்.

436 என்றதும் எனக்குக் கை நடுங்கியது. மிகையாகச் சொல்லவில்லை.

2023 மே கடைசியோ ஜூன் முதல் வாரமோ. வாசல் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். துணி கொண்டுவந்த அவர் கைபேசியை நீட்டினார். "அண்ணாச்சி, 436 ரூவா எடுத்துட்டான்னு மெசேஜ் வந்திருக்கு. எதுக்குன்னு பாருங்க." ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அரைகுறையாகப் பார்த்தேன். "ஏதாவது பேங்க் சார்ஜா இருக்கும். இப்போ எல்லாத்துக்கும் பிடிக்கிறானுங்க. வேண்டாம்னா போய் எழுதிக் குடுத்து நிறுத்திடுங்க" என்றேன். ஐம்பது சட்டை தேய்த்தாலும் கிடைக்காத லாபத்தை எடுத்துக்கொண்டுவிட்டானே என்ற கோபம் அவருக்கு. "நாளைக்கே போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனாரா? நிறுத்தினாரா? 2024 மே மாதம் 436 பிடித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். நிறுத்தியிருந்தால் ஒன்றும் கிடையாது. அதற்குக் காரணம் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான். இதை யாரிடம் சொல்ல? மனைவியிடம்கூட அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் "ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்துவிடலாம், ஒரு இன்சூரன்ஸ் இருக்கிற மாதிரி தெரிகிறது, உறுதியில்லை" என்று மட்டும் சொன்னேன்.

தீபாவளி கழிந்து இரண்டு பேரும் பேங்க்குக்குப் போனோம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். முதல் கவுண்ட்டரில் ஒரு இளைஞர். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"ஸ்டேட்மெண்ட் வேணும்னா அக்கவுண்ட் ஹோல்டர் வரணும் சார்."

"அவர் இறந்துட்டார் தம்பி."

"அப்போ அவரோட கையெழுத்துப் போட்ட லெட்டராவது வேணும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத் தான் சொன்னது அந்தத் தம்பிக்கே உறைத்து, முகம் சிவந்துவிட்டது. "ஸாரிம்மா" என்றார். காலையிலிருந்து நூறு பேருக்கு அதே பதிலைச் சொல்லியிருப்பார், பாவம். உள்ளே அதிகாரியைப் பார்க்கச் சொன்னார்.

அதிகாரி சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இறந்தவர் கணக்கு விவரத்தைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாது. நாமினி எழுதிக் கேட்க வேண்டும், நாமினி இல்லாவிட்டால் வாரிசுகள். இறப்புச் சான்றிதழ் நகல், கேட்கிறவரின் ஆதார் நகல் இணைக்க வேண்டும். மனைவிதான் நாமினி என்று கணினியில் இருந்தது. இறப்புச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை: நம் மாநிலத்தில் பதிவு முடிந்துவிட்டால் அதற்காக அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும், அது முக்கியம். மகன் அதைச் சரியாகச் செய்திருந்தான்.

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். அதில் ஒரு தப்புப் பண்ணினேன். 'கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான ஸ்டேட்மெண்ட்' என்று எழுதிவிட்டேன். அதிகாரி கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், பத்து ரூபாய், இருபது ரூபாய்னு க்யூ.ஆர்.ல வந்தது ஆயிரக்கணக்கான என்ட்ரி. நூறு பக்கத்துக்கு மேல போகும். பேப்பரும் இல்லை, பிரிண்டரும் தாங்காது. அடுத்த வாரம் வாங்க" என்றார். அந்த அம்மா ஒரு நாள் வீட்டுவேலைக் கூலியை விட்டுவிட்டு வந்தவர். எனக்கு என் மேலேயே எரிச்சல். எனக்கு வேண்டியது ஐந்து வருஷமா? ஒரே ஒரு மே மாதம்தானே?

மறுபடி வீட்டில் உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன். நண்பர் கேட்டது இதைத்தான், அப்படியே தருகிறேன்:

'அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண். பெறுநர்: கிளை மேலாளர், வங்கி, கிளை. ஐயா, எனது கணவரின் சேமிப்புக் கணக்கு எண் இது. அவர் 09.10.2024 அன்று காலமானார். நான் இக்கணக்கின் நாமினி. 01.05.2024 முதல் 31.10.2024 வரையிலான கணக்கு விவர அறிக்கையை, வங்கி முத்திரை மற்றும் கையொப்பத்துடன் தர வேண்டுகிறேன். இதற்குரிய கட்டணம் இருப்பின் செலுத்தத் தயாராக உள்ளேன். இணைப்பு: இறப்புச் சான்றிதழ், என் ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், நகல்கள்.' கீழே கையெழுத்து, தேதி.

உங்கள் சொந்தக் கணக்குக்கு என்றால் கணவர், நாமினி, இறப்பு சம்பந்தப்பட்ட வரிகளை எடுத்துவிட்டால் போதும். 'ஆறு மாதம்', 'போன வருஷம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். கவுண்ட்டரில் இருப்பவர் கணினி கேட்பது இரண்டு தேதி மட்டும்தான். அந்த இரண்டையும் நாள், மாதம், வருஷம் என்று நீங்களே கொடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. வருமான வரிக்கு என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. முத்திரை வேண்டுமா, வெறும் தாள் போதுமா என்பதையும் எழுதுங்கள். விசாவுக்கோ கடனுக்கோ என்றால் முத்திரையோடு கேட்பது நல்லது. நீதிமன்றத்துக்கு என்றால் அது வேறு, 1891-ஆம் வருஷத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றொப்பம் இட்ட பிரதி என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது பிரதியில் 'பெறப்பட்டது' என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அப்போது கேட்டதற்குச் சான்று வேண்டும். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை. ஆனால் முத்திரை வாங்கிய கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு, முப்பது வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

சொந்தக் கணக்கு என்றால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் மகன் சொல்வது சரிதான். வங்கியின் செயலியிலோ இணைய வங்கியிலோ இரண்டு தேதியைக் கொடுத்தால் இலவசமாக வந்துவிடும். மின்னஞ்சலுக்கு வருகிற கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். அது பெரும்பாலும் பிறந்த தேதி, கைபேசி எண்ணின் சில இலக்கங்கள் என்று ஏதாவது சேர்க்கையாக இருக்கும், அந்த மின்னஞ்சலிலேயே விளக்கமும் எழுதியிருப்பார்கள். கடைசிச் சில வரிகள் மட்டும் போதும் என்றால் ஏ.டி.எம்.மில் மினி ஸ்டேட்மெண்ட் என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். ஆனால் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு வாருங்கள். பென்ஷன் எவ்வளவு, எங்கே மருந்து வாங்குகிறீர்கள், எந்தச் சீட்டில் பணம் போடுகிறீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வங்கியின் போன் நம்பரைக் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள், அதில் போலி எண்கள் உண்டு. பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ அச்சிட்ட எண் போதும். ஸ்டேட்மெண்ட் அனுப்புகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று எவனாவது கூப்பிட்டால் அவன் பேங்க்காரன் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. 118 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து. அந்தத் தம்பிதான், அதே இளைஞர்தான், பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திக் கொடுத்தார். இருபத்திரண்டு பக்கம். சுவரோரத்து பெஞ்சில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம்.

முதல் பக்கத்தை எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். 'என்ன அண்ணாச்சி' என்பது போல அந்த அம்மா பார்த்தார்.

மே 1. 30 ரூபாய் வரவு. 50 ரூபாய் வரவு. 120. 40. கேஸ் சிலிண்டருக்கு ஒரு பற்று. கரிக்கடைக்கு ஒன்று. மே 10, மே 18, மே 25. பக்கம் திருப்பினேன். மே 28, பற்று, 20 ரூபாய். மே 29, பற்று, 436 ரூபாய். பக்கத்தில் அந்தச் சுருக்கெழுத்து, பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். மீதி இருப்பு 41 ரூபாய்.

41 ரூபாய்! அன்றைக்கு இரண்டு மூன்று பேர் சட்டைக்குப் பணம் அனுப்ப மறந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது.

அந்த வரியில் விரலை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். பிறகு அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இருக்கிறது, இரண்டு லட்சம் வரும் என்று. அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதே மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. போன வருஷம் அவர் கேட்டதையும், நான் பேங்க் சார்ஜ் என்று சொன்னதையும், நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு ராத்திரியே அவிய சொன்னாவ. மறுநாள் எழுதிக் குடுக்கணும்னு இங்க வந்தாவ. ஒரே கூட்டமா இருந்துச்சாம். பெட்டியில கரியப் பத்த வச்சிட்டுல்லா வந்துருக்கேன், வீணாப் போயிரும்னு திரும்பி வந்துட்டாவ. அப்புறம் போவவே இல்ல."

தெரிந்திருந்தும் இத்தனை நாள் என்னோடு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேங்க் கூட்டத்தை வாழ்நாளெல்லாம் திட்டியவன் நான். அன்றைக்கு அந்த வரிசையில் நின்று அவர் வேலையைக் கெடுத்தவர்கள் யார் யாரோ, அவர்களில் பாதிப் பேர் பென்ஷன்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மீதிப் பக்கங்களையும் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் பார்த்தேன். தெருவே அதில் இருந்தது. மூன்றாம் வீட்டு வாத்தியார் 60, எதிர்வீட்டு டாக்டரம்மா 150, மாடி வீட்டுப் பையன் 20. என் பெயர் பதினேழு இடத்தில் இருந்தது. கடைசியாக அக்டோபர் 5, 90 ரூபாய். அந்த மூன்று சட்டைக்கு முந்திய துணிக்கு. அக்டோபர் 9-க்குப் பிறகும் நாலைந்து வரவு இருந்தது. 11-ஆம் தேதி 140, 14-ஆம் தேதி 60. பாக்கி வைத்திருந்தவர்கள் அவர் போன பிறகு அட்டையில் அனுப்பியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல். யார் என்று பெயர் இருந்தது. அதை எழுதப் போவதில்லை.

க்ளெய்ம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிவம் வங்கியிலேயே கிடைக்கும். கொடுக்க வேண்டியதும் அந்தக் கணக்கு இருக்கிற வங்கியில்தான், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாம் போக வேண்டாம். படிவம், பணம் பெற்றதற்கான ரசீதுப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் சொந்தக் கணக்கு பாஸ்புக் நகல். நாங்கள் அந்த ஸ்டேட்மெண்ட் பக்கத்தையும் 436-க்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு இணைத்தோம். ஆதாரில் கணவர் பெயரில் ஒரு எழுத்துக் கூடுதல், அதற்காக இரண்டு நடை. விபத்துக் காப்பீட்டில் ஒன்றும் கிடையாது, இது விபத்து இல்லை. கணக்கில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் தனியாக நாமினிக்கு வந்தது.

மார்கழி முடியப் போகிற சமயம், ஒரு காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் மகள் ஓடி வந்து கைபேசியைக் காட்டினாளாம். இரண்டு லட்சம் வரவு. வட்டிக்காரனுக்கு எண்பதாயிரமும் வட்டியும் அன்றைக்கே போய்விட்டது. பத்திரத்தை என் முன்னால் கிழிக்கச் சொன்னேன். மீதியைப் பெண் பெயரில் டெபாசிட் போடச் சொன்னேன். அந்த அம்மா கேட்கவில்லை, பையனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மீதியைத்தான் போட்டார். அது அவர் கணக்கு.

அந்த வாரமே என் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் அச்சடித்தேன். எட்டு மாதம் விட்டிருந்தேன், இத்தனை பேருக்குச் சொல்கிறவன். வீட்டுக்கு வந்து மனைவியை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். இது பென்ஷன், இது மருத்துவக் காப்பீடு, இது 20 ரூபாய். "இதையெல்லாம் எதுக்கு இப்போ என்கிட்ட சொல்றீங்க?" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவளாகவே வந்து, "அந்த நோட்டுல எழுதி வைங்க" என்றாள். எழுதி வைத்திருக்கிறேன். பீரோவில் இரண்டாம் தட்டு.

வேப்பமரத்தடியில் வண்டி மறுபடி நிற்கிறது. காலையில் அந்த அம்மா, கல்லூரி விட்டு வந்தபின் பையன். அட்டையில் இப்போது அவர் பெயர் வருகிறது. நேற்று ஐந்து சட்டைக்கு 50 ரூபாய் அனுப்பினேன். மடிப்பு இன்னும் சரியாக விழவில்லை. பையனிடம் சொல்லவில்லை.